தானாக விலகியவர்: வேலையின்மைக் காப்பீட்டில் தகுதியிழப்பு விதியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வேலையிழந்தோர்க்கு உதவித்தொகை வழங்கும் சட்டங்கள், தாமாக வேலையை விட்டு விலகியோரைத் தனி வகையினராகப் பிரித்து வைத்துள்ளன. பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தில் இடம்பெற்ற 'நியாயமான காரணமின்றித் தானாக விலகியவர்' என்னும் தொடர், பின்னர் அமெரிக்க மாநிலச் சட்டங்களிலும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளிலும் சிறு மாற்றங்களுடன் இடம்பெற்றது. இத்தொடரின் பொருள் நாட்டுக்கு நாடு எவ்வாறு மாறியது, அம்மாற்றத்திற்கும் காப்பீட்டு நிதியை அளிப்போர்க்கும் என்ன தொடர்பு என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தியாவின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டங்களில் 'தானாக' என்னும் அடை மட்டும் இடம்பெற்று, 'நியாயமான காரணமின்றி' என்னும் வரையறை விடுபட்டதையும் அதன் விளைவையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: வேலையின்மைக் காப்பீடு, தகுதியிழப்பு, பணிவிலகல், நியாயமான காரணம், விருப்ப ஓய்வு, ஆட்குறைப்பு, பணிக்கொடை

முன்னுரை

ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே நாளில் இருவர் வெளியேறுகின்றனர். ஒருவர் ஆட்குறைப்பில் நீக்கப்பட்டவர். மற்றவர் மூன்று மாதமாக ஊதியம் வராமையால் விலகல் கடிதம் கொடுத்தவர். மறுவாரம் இருவர் வீட்டிலும் வருவாய் இல்லை. எனினும் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தின் முன் இவ்விருவரும் ஒருவரல்லர். முதலாமவர் தம்மை மீறிய நிகழ்வால் வேலையிழந்தவர். இரண்டாமவர் அவ்வேலையின்மையைத் தாமே உண்டாக்கிக் கொண்டவரா என்ற ஐயத்திற்கு உள்ளாகிறார். அந்த ஐயத்தை எவர் எழுப்புகிறார், எவர் தீர்க்கிறார், தீரும் வரை அவர் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பன சட்டந்தோறும் வேறுபடுகின்றன.

தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் வேலையை விடுவதற்கான கடிதத்தைக் குறிக்கும் 'ராஜினாமா' என்னும் சொல்லை இங்கு நோக்கலாம். இசைவுடையவர் எனப் பொருள்படும் அரபுச் சொல்லும், மடல் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லும் இணைந்தது இது. நில வருவாய் ஆவணங்களில் நிலத்தின் மீதான உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் பத்திரமும் இப்பெயரால் வழங்கியது. ஆக, விலகும் செயலைக் குறிக்கும் சொல்லிலேயே 'இசைந்து தந்தது' என்னும் கருத்து பொதிந்துள்ளது. சட்டமும் பெரும்பாலும் அக்கருத்தையே தொடக்கப்புள்ளியாகக் கொள்கிறது. எழுதிக் கொடுத்தவர் இசைந்தார் என்பது அதன் ஊகம்.

இக்கட்டுரை பேசும் வேலையின்மைக் காப்பீடு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருக்கும் இளைஞர்க்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் உதவித்தொகையிலிருந்து வேறுபட்டது. அது குறிப்பிட்ட காலத்திற்கு அரசு தன் நிதியிலிருந்து தருவது. இது வேலையில் இருந்த காலத்தில் செலுத்தப்பட்ட சந்தாவின் பேரில், வேலை போன பின் கோரப்படுவது. சந்தா செலுத்தியவரின் உரிமை எங்கே முடிகிறது என்பதே பணிவிலகல் பற்றிய வாதங்கள் அனைத்தின் அடியிலும் உள்ள வினாவாகும்.

1. பிரிட்டன்: ஆறு வாரத் தடை

1911ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, ஒரு நாடு முழுமைக்குமான முதல் கட்டாய வேலையின்மைக் காப்பீட்டை நிறுவியது. அதற்கு முன்னர் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரம் 1895இல் கட்டாயக் காப்பீட்டை முயன்று, இரண்டே ஆண்டுகளில் கைவிட்டிருந்தது. பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 1901 முதல் தொழிற்சங்க நிதிகளுக்கு மானியம் அளித்து வந்தது. பிரிட்டானியச் சட்டம் கட்டடப்பணி, கப்பல் கட்டுதல், இயந்திரப் பொறியியல், இரும்பு வார்ப்பு உள்ளிட்ட ஏழு தொழில்களில் ஏறத்தாழ 22.5 இலட்சம் தொழிலாளரை உள்ளடக்கியது. தொழிலாளி வாரத்திற்கு இரண்டரைப் பென்னியும் முதலாளி அதே அளவும் செலுத்தினர். இவ்விரண்டன் கூட்டுத்தொகையில் மூன்றிலொரு பங்கை அரசு சேர்த்தது. சந்தா 1912 ஜூலையில் தொடங்கியது. 1913 சனவரி முதல் வாரத்திற்கு 7 ஷில்லிங் வீதம், ஆண்டில் 15 வாரம் வரை உதவித்தொகை வழங்கப்பட்டது.

இச்சட்டத்தின் 87ஆம் பிரிவு மூவகையினரை விலக்கியது. தொழில் தகராறால் வேலை நின்றவர் ஒரு வகை. தீய நடத்தையால் வேலையிழந்தவர் இன்னொரு வகை. நியாயமான காரணமின்றித் தானாக வேலையை விட்டவர் மூன்றாம் வகை. பின்னிரு வகையினர்க்கும் விதிக்கப்பட்ட தடை ஆறு வாரம்.

இவ்விதி எதிர்ப்பின்றி உருவானதன்று. 1909இல் வணிக வாரியத்தின் தலைவராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், திட்டத்தை வரைந்த அதிகாரிகளுடன் இது குறித்து முரண்பட்டார். குடிப்பழக்கத்தால் நீக்கப்பட்டவரும் சந்தா செலுத்தியவரே, செலுத்தியவர் தம் தொகையைப் பெறத் தகுதியுடையவரே என்பது அவர் நிலைப்பாடு. காப்பீடு ஒரு கணக்கு, அதனுள் ஒழுக்கத் தீர்ப்பைக் கலத்தல் கூடாது என அவர் தம் குறிப்பில் வாதிட்டார். செலுத்திய சந்தாவுக்கு ஏற்ற அளவில் உதவித்தொகைக்கு வரம்பு வைத்தால் அதுவே ஏமாற்றைத் தடுக்கும் என்பது அவர் கருத்து. வணிக வாரியத்தின் நிரந்தரச் செயலர் ஹ்யூபர்ட் லெவலின் ஸ்மித் இதற்கு உடன்படவில்லை. காப்பீட்டாளர் தாமே விளைவிக்கக்கூடிய இழப்பை எந்தக் காப்பீடும் தாங்காது என்பது மறுதரப்பின் வாதம்.

இறுதிச் சட்டம் இரு கருத்துகளுக்கும் இடம் தந்தது. வரம்பும் வந்தது, தகுதியிழப்பும் வந்தது. குறைந்தது 500 வாரச் சந்தா செலுத்தி 60 வயதை எட்டிய தொழிலாளி, தாம் பெற்ற உதவித்தொகையை விட மிகுதியாகச் செலுத்தியதை வட்டியுடன் திரும்பப் பெறலாம் என்ற ஏற்பாடும் தொடக்கத்தில் இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. தொழிலாளி செலுத்தியது அவரது சேமிப்பா அல்லது பொது நிதிக்கான பங்கா என்ற குழப்பம் சட்டம் பிறந்தபோதே இருந்தது என்பதற்கு இவ்வேற்பாடு சான்றாகும்.

2. நியாயமான காரணத்தைத் தீர்மானித்தோர்

'நியாயமான காரணம்' எது என்பதைச் சட்டம் விளக்கவில்லை. அதைத் தீர்மானிக்கும் அமைப்பை மட்டும் உருவாக்கியது. காப்பீட்டு அதிகாரி முதலில் முடிவெடுப்பார். அதை எதிர்த்து, முதலாளி தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர், நடுநிலைத் தலைவர் ஒருவர் என மூவர் அமர்ந்த நடுவர் மன்றத்தில் முறையிடலாம். அதற்கு மேல் அரசரால் நியமிக்கப்பட்ட தலைமை நடுவர் இருந்தார். அவருடைய முடிவுகள் அச்சிட்டு வெளியிடப்பட்டமையால் காலப்போக்கில் ஒரு தீர்ப்பு மரபு உருவாயிற்று.

அம்மரபில் இரண்டு கூறுகள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, மெய்ப்பிக்கும் பொறுப்பு பிரிக்கப்பட்டமை. ஒருவர் தானாகவே விலகினார் என்பதை அதிகாரி நிறுவ வேண்டும். அது நிறுவப்பட்ட பின், காரணம் நியாயமானது எனக் காட்டுவது விலகியவரின் பொறுப்பு. இரண்டாவது, காரணம் பணியிடத்தைச் சார்ந்ததாகவே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாமை. உடல்நலமும் குடும்பச் சூழலும் கூட எடுத்துக்காட்டப்படலாம். ஆனால் அச்சூழலில் வேறு வழி தேடாமல் வேலையை விட்டது தகுமா என்று மன்றம் கேட்கும்.

'நியாயம்' எவர் நோக்கில் அளக்கப்பட வேண்டும் என்பது 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த க்ரூ வழக்கில் வெளிப்பட்டது. இளைய ஆசிரியர்க்கு இடம் தரும் பொருட்டு அமைந்த முன்கூட்டிய ஓய்வுத் திட்டத்தை ஏற்றுப் பள்ளியாசிரியர் ஒருவர் விலகியிருந்தார். அவர் செயல் அறிவுக்கு ஏற்றது, பொதுநலனுக்கும் உகந்தது என்பது மறுக்கப்படவில்லை. எனினும் அவர் வேலையின்மையின் சுமையைக் காப்பீட்டு நிதியின் மீது ஏற்றுவதற்கு அது போதாது என நீதிமன்றம் கூறியது. நியாயமாக நடந்துகொள்ளுதல் வேறு, நிதிக்குச் சந்தா செலுத்தும் மற்றவர் நோக்கில் நியாயமான காரணம் உடையவராதல் வேறு என்ற வேறுபாடு இதனால் நிலைபெற்றது.

இதன் அடுத்த கட்டத்தில் நாடாளுமன்றம் தலையிட்டது. ஆட்குறைப்பு நடக்கும் நிறுவனத்தில் தாமே முன்வந்து நீங்க இசைந்தவரைத் தானாக விலகியவராகக் கருதலாகாது என 1985ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வரையறுத்தது. ஆட்குறைப்பு முதலாளியின் முடிவு, அதில் யார் முதலில் கை உயர்த்தினார் என்பது இரண்டாம் நிலைச் செய்தி என்பதே இத்திருத்தத்தின் உட்பொருள். இந்திய விருப்ப ஓய்வுத் திட்டங்களை நோக்கும்போது இத்திருத்தம் மீண்டும் நினைவுகூரத்தக்கது.

தடையின் காலமும் நிலையாக இருக்கவில்லை. 1911இல் நிலையான ஆறு வாரமாக இருந்தது 1946ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறு வாரத்திற்கு மேற்படாத காலம் என்றாயிற்று. அந்த உச்சவரம்பு 1986இல் 13 வாரமாகவும் 1988இல் 26 வாரமாகவும் உயர்ந்தது. எழுபத்தைந்து ஆண்டுகள் அசையாதிருந்த வரம்பு இரண்டே ஆண்டுகளில் நான்கு மடங்குக்கு மேல் ஏறியது. அவ்வாண்டுகள் பிரிட்டனில் வேலையின்மை மிகுந்திருந்த காலம் என்பதையும், வேலையற்றோர்க்கான செலவைக் குறைத்தல் அரசின் கொள்கையாக இருந்தது என்பதையும் இணைத்துப் பார்க்க வேண்டும். சட்டத் தொடர் மாறவில்லை. அதை மீறியதன் விலை மாறியது.

3. அமெரிக்கா: காரணம் எது என்பதிலிருந்து காரணம் யார் என்பதற்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முதல் வேலையின்மை ஈட்டுச் சட்டத்தை 1932 சனவரியில் விஸ்கான்சின் மாநிலம் இயற்றியது. பொருளியலறிஞர் ஜான் ஆர். காமன்ஸ் வளர்த்த சிந்தனை மரபிலிருந்து அது உருவானது. வேலையின்மை ஒருவகைத் தொழில் விபத்து, அதன் செலவை முதலாளி மீது சுமத்தினால் வேலையை நிலைப்படுத்த அவர் முற்படுவார் என்பது அம்மரபின் நம்பிக்கை. ஆகவே விஸ்கான்சினில் ஒவ்வொரு முதலாளிக்கும் தனிக் கணக்கு வைக்கப்பட்டது. தொழிலாளியிடம் சந்தா பெறப்படவில்லை.

1935 ஆகஸ்டு 14இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. அது நாடு தழுவிய ஒரே காப்பீட்டை நிறுவவில்லை. முதலாளிகள் மீது கூட்டாட்சி வரி விதித்து, தகுந்த சட்டம் இயற்றிய மாநிலத்தில் செலுத்துவோர்க்கு அவ்வரியில் 90 விழுக்காடு வரை கழிவு தந்தது. 1937க்குள் எல்லா மாநிலங்களும் சட்டம் இயற்றிவிட்டன. தகுதி விதிகளைப் பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பில் விட்ட கூட்டாட்சிச் சட்டம், சில காப்புகளை மட்டும் கட்டாயமாக்கியது. வேலைநிறுத்தத்தால் காலியான இடத்தை ஏற்க மறுத்தமைக்காகவோ, தொழிற்சங்கத்தை விட்டு விலக மறுத்தமைக்காகவோ உதவித்தொகையை மறுக்கக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. பணிவிலகல் பற்றி அத்தகைய காப்பு எதுவும் வைக்கப்படவில்லை.

மாநிலச் சட்டங்கள் பிரிட்டானியத் தொடரைத் தழுவி, 'தக்க காரணமின்றித் தானாக விலகியவர்' எனத் தொடங்கின. தொடக்கத்தில் தடை பெரும்பாலும் சில வாரங்களுக்கே இருந்தது. விலகிய சில வாரங்களுக்குப் பிறகும் ஒருவர்க்கு வேலை கிடைக்கவில்லையெனில், அதற்குக் காரணம் அவர் விலகியது அன்று, சந்தையில் வேலையில்லாமையே என்பது அதன் அடிப்படை. 1940கள் முதல் இரண்டு மாற்றங்கள் பரவின. ஒன்று, தக்க காரணம் என்பது 'முதலாளியால் விளைந்த' அல்லது 'வேலையைச் சார்ந்த' காரணமாக இருக்க வேண்டும் என்ற சேர்க்கை. மற்றொன்று, வாரக் கணக்கில் இருந்த தடை அந்த வேலையின்மைக் காலம் முழுமைக்கும் நீட்டிக்கப்பட்டமை. பிறிதொரு வேலையில் சேர்ந்து குறிப்பிட்ட அளவு ஊதியம் ஈட்டினால்தான் தடை நீங்கும்.

இம்மாற்றத்திற்கான காரணத்தை நிதியமைப்பில் காணலாம். அமெரிக்க மாநிலங்கள் முதலாளியின் வரி விகிதத்தை அவரது முன்வரலாற்றைக் கொண்டு கணக்கிடுகின்றன. அவரிடமிருந்து வெளியேறியோர் பெற்ற உதவித்தொகை மிகுந்தால் அவர் வரியும் மிகும். அந்நிலையில் ஒவ்வொரு கோரிக்கையிலும் முன்னாள் முதலாளி ஒரு தரப்பினராகிறார். தொழிலாளியின் குழந்தை நோயுற்றதற்கு என் கணக்கில் ஏன் பற்று எழுத வேண்டும் என்று அவர் கேட்பார். அக்கேள்விக்கு விடையாகவே 'முதலாளியால் விளைந்த' என்ற சேர்க்கை வந்தது. பிரிட்டனில் மூவர் சேர்ந்து நிரப்பிய பொது நிதி, சந்தாதாரர் அனைவர்க்கும் நியாயமா என்று கேட்டது. அமெரிக்காவில் முதலாளியின் தனிக் கணக்கு, பழி அவருடையதா என்று கேட்டது. நிதியின் அமைப்பு வேறானதால் அதே தொடரின் பொருளும் வேறாயிற்று.

4. வீடும் மனச்சான்றும்

இக்குறுகிய பொருளால் முதலில் பாதிக்கப்பட்டோர் பெண்கள். திருமணத்திற்காகவோ, கணவரின் ஊர் மாற்றத்திற்காகவோ, வீட்டுக் கடமைக்காகவோ விலகியவர்க்குத் தனித் தகுதியிழப்பைப் பல மாநிலங்கள் விதித்தன. கருவுற்ற பெண்களைக் குறிப்பிட்ட காலத்திற்கு வேலைக்கு இயலாதவர் என ஊகித்த யூட்டா மாநிலச் சட்டத்தை 1975இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. மறு ஆண்டு, கருவுற்றமையை மட்டுமே காரணமாகக் கொண்டு உதவித்தொகை மறுக்கக்கூடாது எனச் சட்டம் திருத்தப்பட்டது.

ஆயினும் 1987இல் முடிவான விம்பர்லி வழக்கு அத்திருத்தத்தின் எல்லையைக் காட்டியது. மகப்பேற்று விடுப்பில் சென்ற மிசௌரி மாநிலப் பெண் ஒருவர் திரும்பி வந்தபோது வேலை இல்லை எனப்பட்டார். அவர் சென்றமைக்கான காரணம் முதலாளியால் விளைந்ததன்று எனக் கூறி உதவித்தொகை மறுக்கப்பட்டது. மாநிலம் கருவுற்றோரைத் தனித்து ஒதுக்கவில்லை, முதலாளியைச் சாராத காரணத்தால் விலகிய எல்லோரையும் ஒன்றுபோலவே விலக்குகிறது, ஆதலின் இது கூட்டாட்சிச் சட்டத்திற்கு மாறானதன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோர்க்கும் ஒன்றாக உள்ள விதி எல்லோர் மீதும் ஒன்றாக விழுவதில்லை என்பதற்கு இவ்வழக்கு எடுத்துக்காட்டு.

மனச்சான்றின் பொருட்டு விலகியவர்க்கு வேறு பாதை கிடைத்தது. இந்தியானா மாநிலத்தில் வார்ப்பாலைத் தொழிலாளி ஒருவர், பீரங்கி வண்டிகளின் சுழல்மேடை செய்யும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். போர்க்கருவி செய்தல் தம் சமயத்திற்கு ஒவ்வாதது எனக் கூறி அவர் விலகினார். அது அவரது தனிப்பட்ட விருப்பம், வேலையைச் சார்ந்த காரணமன்று என மாநிலம் மறுத்தது. 1981இல் உச்ச நீதிமன்றம் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சமயக் கடமைக்கும் உதவித்தொகைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு மாநிலம் நெருக்கலாகாது என்பது அதன் கருத்து. சமய உரிமை அரசியலமைப்பில் உள்ளது. குழந்தையைப் பேணும் கடமை அங்கு அவ்வாறு எழுதப்படவில்லை. ஒருவர்க்குத் திறந்த கதவு மற்றவர்க்குத் திறக்காமைக்கு இதுவே காரணம் எனலாம்.

அக்கதவு பின்னர் ஓரளவு திறந்தது. 2009ஆம் ஆண்டுப் பொருளாதார மீட்புச் சட்டம், தகுதி விதிகளைத் தளர்த்தும் மாநிலங்களுக்கென 700 கோடி டாலர் ஒதுக்கியது. குடும்ப வன்முறை, நெருங்கிய உறவினரின் நோய், துணைவரின் வேலை மாற்றம் ஆகியவற்றால் விலகியோரை ஏற்பது அத்தளர்வுகளுள் ஒன்று. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் வலுவான சொந்தக் காரணங்களையும் தக்க காரணமாகக் கொள்கின்றன. எனவே ஒரே காரணத்தால் விலகியவர் மாநில எல்லையின் இப்புறம் தகுதியுடையவராகவும் அப்புறம் தகுதியற்றவராகவும் இருக்கும் நிலை நீடிக்கிறது.

5. பன்னாட்டு நெறி

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1934இல் நிறைவேற்றிய 44ஆம் உடன்படிக்கை, நியாயமான காரணமின்றித் தானாக விலகியவர்க்குத் தகுந்த காலத்திற்கு உதவித்தொகையை நிறுத்தலாம் என இசைந்தது. சமூகப் பாதுகாப்பின் குறைந்த அளவை வரையறுத்த 1952ஆம் ஆண்டின் 102ஆம் உடன்படிக்கையும், 1988ஆம் ஆண்டின் 168ஆம் உடன்படிக்கையும் அத்தொடரைக் கைவிடவில்லை. இவை அரசுகள் கட்டாயம் மறுக்க வேண்டும் எனக் கூறவில்லை, மறுக்கலாம் என்றே கூறுகின்றன. மறுப்பதாயின் 'நியாயமான காரணமின்றி' என்ற வரையறை உடன் நிற்க வேண்டும். இந்தியா இம்மூன்று உடன்படிக்கைகளையும் ஏற்புறுதி செய்யவில்லை.

6. இந்தியா: அடை வந்தது, வரையறை வரவில்லை

இந்தியச் சட்டத்தில் வேலையிழப்பு முதலில் காப்பீடாக அன்றி, முதலாளி தரும் இழப்பீடாகவே இடம்பெற்றது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953இல் சேர்க்கப்பட்ட பகுதி, ஆட்குறைப்பு செய்யப்பட்டவர்க்கு நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை வழங்கச் செய்தது. 'ஆட்குறைப்பு' என்பதற்கு அப்போது தரப்பட்ட வரையறை, தொழிலாளி 'தானாக ஓய்வு பெறுதலை' வெளிப்படையாக விலக்கியது. இழப்பீட்டைத் தருபவர் முதலாளியாகையால், அவர் செய்த நீக்கத்திற்கே அவர் பொறுப்பு என்ற தருக்கம் அங்குப் பொருந்துகிறது.

காப்பீடு என்ற வடிவில் வேலையின்மைக்கான உதவி 2005 ஏப்ரல் 1இல்தான் வந்தது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டம், ஆலை மூடல், ஆட்குறைப்பு, பணிசாராக் காயத்தால் ஏற்பட்ட நிலையான ஊனம் ஆகிய காரணங்களை மட்டும் எண்ணிக் கூறியது. அடுத்து 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அடல் காப்பீடு பெற்றோர் நலத் திட்டம், முன்னைய சராசரி ஊதியத்தில் 25 விழுக்காட்டை வாழ்நாளில் ஒரு முறை, 90 நாள் வரை வழங்க முன்வந்தது. பெருந்தொற்றுக் காலமான 2020இல் அது 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. தீய நடத்தைக்கான தண்டனை, பணி மூப்பு, விருப்ப ஓய்வு ஆகியவற்றால் ஏற்பட்ட வேலையின்மை இத்திட்டத்திற்கு உரியதன்று என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று.

இந்நிபந்தனையை 1911ஆம் ஆண்டுத் தொடருடன் ஒப்பிடுக. 'தானாக' என்னும் அடை உள்ளது. 'நியாயமான காரணமின்றி' என்னும் வரையறை இல்லை. அது இல்லாமையால் விளைவது சொற்குறை மட்டுமன்று. காரணம் கேட்கப்படாத இடத்தில் காரணத்தை ஆராயும் நடுவர் மன்றமும் தேவைப்படுவதில்லை. தீர்ப்பு மரபு உருவாக வாய்ப்பும் இல்லை. பிரிட்டனில் 1988இன் உயர்வுக்குப் பின்னும் தடை 26 வாரத்தில் முடிந்தது. இங்கே அது முடிவுக்கு வருவதில்லை, ஏனெனில் அது தடையன்று, விலக்கு.

பணம் யாருடையது என்ற வினாவும் இங்கு எழுகிறது. அமெரிக்காவைப் போல முதலாளி மட்டுமே நிரப்பும் கணக்கு அன்று இது. 2019 ஜூலை முதல் முதலாளி ஊதியத்தில் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகின்றனர். முதலாளியின் விகிதம் அவரது நீக்க வரலாற்றால் மாறுவதில்லை. எனவே அமெரிக்க விதியின் கடுமைக்குச் சொல்லப்பட்ட காரணம் இந்திய நிதியமைப்பில் இல்லை. நிதியமைப்பு பிரிட்டனின் பொது நிதியை ஒத்திருக்க, விலக்கு அமெரிக்க மாநிலங்களின் கடுமையையும் விஞ்சி நிற்கிறது.

இந்தியச் சட்டத்திற்குப் பணிவிலகலை மதிக்கத் தெரியாது எனவும் கூறவியலாது. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடை வழங்கல் சட்டம், ஐந்தாண்டு தொடர்பணி முடித்தவர் பணிவிலகினாலும் பணிக்கொடைக்கு உரியவர் எனக் கூறியது. 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டம், விலகியவர் தம் தொகையைப் பெற இரண்டு மாதம் காத்திருக்கச் செய்தது. திருமணத்தின் பொருட்டு விலகும் பெண்ணுக்கு அக்காத்திருப்பையும் தள்ளுபடி செய்தது. அமெரிக்க மாநிலங்கள் எந்தக் காரணத்திற்காகப் பெண்களைத் தண்டித்தனவோ, அதே காரணத்திற்காக இந்தியத் திட்டம் சலுகை தந்தது. பணிக்கொடையும் வைப்பு நிதியும் ஈட்டிய சொத்தாகக் கருதப்பட்டதால் விலகலின் காரணம் அங்குக் கேட்கப்படவில்லை. வேலையின்மை உதவி அருளாகக் கருதப்பட்டதால் காரணம் இங்கும் கேட்கப்படவில்லை. கேளாமை ஒன்றே, பயன்தான் நேர்மாறானது.

7. விலகியதாகக் கருதப்பட்டோர்

'தானாக' என்னும் சொல் தொழிலாளியின் மனநிலையைக் குறிப்பதாகத் தோன்றினும், அதை எழுதுபவர் பெரும்பாலும் முதலாளியே. சென்னைப் பக்கிங்காம் - கர்நாட்டிக் ஆலையின் நிலையாணை ஒன்று, விடுப்பின்றித் தொடர்ந்து எட்டு வேலைநாள் வராதவர் பணியை விட்டு நீங்கியவராகக் கருதப்படுவார் என்றது. நோயுற்றிருந்ததாகக் கூறிய தொழிலாளி ஒருவரைப் பற்றிய வழக்கில், 1960களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அந்நிலையாணையை ஏற்றது. நோய்க்காலத்தில் தொழிலாளியை நீக்கக்கூடாது என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் 73ஆம் பிரிவும் அவரைக் காக்கவில்லை. நீக்கியவர் எவருமில்லை, நிலையாணைப்படி அவரே நீங்கினார் என்பது அதன் தருக்கம்.

இத்தருக்கம் பின்னர் தளர்ந்தது. பெயரை நீக்குதல் ஆட்குறைப்பே என 1982இல் இராபர்ட் டிசூசா வழக்கு கூறியது. விசாரணையின்றித் தானாக நீங்கியதாகக் கொள்வது அரசியலமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளுக்கு ஒவ்வாதது என 1993இல் டி.கே. யாதவ் வழக்கு கூறியது. ஒருவர் தானாக நீங்கினாரா என்பதை அவரைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது என்பது இதனால் நிலைபெற்றது. இது பணிநீக்கச் சட்டத்தில் நிகழ்ந்த வளர்ச்சி. காப்பீட்டுத் திட்டத்தின் நிபந்தனை வாசகத்தில் இதன் சாயல் தென்படவில்லை.

விருப்ப ஓய்வுத் திட்டங்கள் இதே சிக்கலைப் பேரளவில் காட்டுகின்றன. 1992இல் அமைந்த தேசியப் புதுப்பித்தல் நிதி, மறுபயிற்சியை நோக்கமாக அறிவித்த போதிலும், பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்களின் விருப்ப ஓய்வுக்கே செலவாயிற்று. திருப்பெரும்புதூர் நோக்கியா கைபேசித் தொழிற்சாலையில் 2014இல் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட, ஆயிரக்கணக்கான தொழிலாளர் அதை ஏற்றனர். அவ்வாண்டு நவம்பர் 1இல் அங்கு உற்பத்தி நிறுத்தப்பட்டது. மூடலுக்கு முன் கையெழுத்திட்டவர் சட்டத்தின் கணக்கில் விருப்பத்தோடு ஓய்வு பெற்றவர். மூடும் நாள் வரை இருந்தவர் மூடலால் வேலையிழந்தவர். இருவர்க்கும் இடையே உள்ள வேறுபாடு விருப்பத்தில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. பிரிட்டன் 1985இல் திருத்திக்கொண்ட பிழை இதுவேயாகும். ஓய்வு பெற்றவர் தொகை பெற்றுக்கொண்டாரே என்ற மறுப்பு எழலாம். ஆனால் அத்தொகை முதலாளி தந்த விலை. காப்பீட்டு உரிமை தொழிலாளி தன் சந்தாவால் பெற்றது. முன்னதைப் பெற்றவர் பின்னதை இழப்பது ஏன் என்பதற்குத் திட்ட வாசகம் விடை தரவில்லை.

முடிவுரை

நியாயமான காரணமின்றித் தானாக விலகியவர் என்னும் தொடரின் நூற்றாண்டு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைத் தொகுக்கலாம். முதலாவது, 'தானாக' என்பதன் பொருளைத் தொழிலாளியின் மனநிலையை விட நிதியின் அமைப்பே மிகுதியாகத் தீர்மானித்துள்ளது. பொது நிதி காரணத்தின் தகுதியைக் கேட்டது. முதலாளியின் தனிக் கணக்கு காரணத்தின் உரிமையாளரைக் கேட்டது. இரண்டாவது, இவ்விதியின் கடுமை வாரக் கணக்கில் மட்டும் இல்லை, காரணத்தைக் கேட்கும் மன்றம் உண்டா இல்லையா என்பதிலும் உள்ளது. மூன்றாவது, இந்தியத் திட்டம் பொது நிதியைக் கொண்டிருந்தும் அதற்குரிய விசாரணையை ஏற்கவில்லை.

சந்தா செலுத்தியவரிடம் ஒழுக்கக் கணக்குக் கேட்கலாகாது என்று 1909இல் சர்ச்சில் வாதிட்டார். அவ்வாதம் தோற்றாலும், தோற்ற இடத்தில் ஒரு நடுவர் மன்றம் எழுந்தது. இந்தியாவில் அவ்வாதம் நிகழவேயில்லை. ஊதியம் வராமையாலோ, பணியிடத் துன்புறுத்தலாலோ, நோயுற்ற தாயைப் பேணவோ ராஜினாமா எழுதித் தருபவர் ஏன் எழுதினார் என்று கேட்கும் ஓரிடமாவது காப்பீட்டுத் திட்டத்திற்குள் அமைய வேண்டும். விதி தளர்வதா நிலைப்பதா என்பது அதன் பின்னரே முறையாக விவாதிக்கத்தக்க வினாவாகும்.